மலைக்கு வழி போட்ட கலெக்டர்

குழந்தைகளே! மே மாதம் வந்துவிட்டால் நம் கடலூர், சிதம்பரம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சில்வர் பீச் மணலில் பகலில் கால் வைக்க முடியாது. புவனகிரி பாலத்தில் நின்று பார்த்தால் வெள்ளாறு வெறும் மணலாகக் கிடக்கும். கத்திரி வெயில் தொடங்கியதும் வசதி உள்ளவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பிவிடுவார்கள்.

நான் ஆசிரியராக இருந்தபோது ஒருமுறை சிதம்பரத்திலிருந்து ஐம்பது மாணவர்களை ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். ராத்திரி முழுக்க பஸ் பயணம். காலையில் ஏரிக்கரையில் இறங்கியதும் எல்லோருக்கும் பல் கிடுகிடுத்தது. அப்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், இந்த ஏரியை யார் வெட்டினார்கள் சார் என்று கேட்டான். மலை ஏரிதானே, தானாக உண்டானதாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அது தப்பு! ஊருக்குத் திரும்பி நூலகத்தில் தேடிப் படித்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. ஏரியை உண்டாக்கியவரும், அந்த ஊருக்கு அடித்தளம் போட்டவரும் ஒருவரே. அவர் பெயர் ஜான் சல்லிவன்.

சல்லிவன் 1788-ம் ஆண்டு ஜூன் 15-ம் தேதி லண்டனில் பிறந்தார். பதினைந்து வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கம்பெனியில் சேரும் பையன்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை எழுத்தர் வேலைதான். கடிதங்களைப் படி எடுக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். சென்னையில் அப்படித் தொடங்கியவர் படிப்படியாக உயர்ந்து, 1815-ல் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கலெக்டர் ஆனார். நீலகிரி மலை அப்போது கோவை மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

ஆனால் கலெக்டர் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அந்த மலையைப் பற்றி அதிகம் தெரியாது. மேட்டுப்பாளையம் பக்கம் நின்றால் நீலமாகத் தெரியும், அவ்வளவுதான். அடிவாரம் முழுவதும் காடு. யானையும் மலைக்காய்ச்சலும் நிறைந்த காடு. 1603-லேயே கேரளப் பக்கத்திலிருந்து ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் மேலே ஏறி வந்து தோடர் மக்களைச் சந்தித்திருக்கிறார். 1812-ல் நில அளவைக்காரர்கள் இருவர் போய் வந்தார்கள். 1818-ல் சல்லிவனுடைய உதவியாளர்கள் இரண்டு பேர் வேட்டைக்காக ஏறி, இறங்கி வந்து, மேலே இங்கிலாந்து போலவே குளிர்கிறது என்றார்கள். கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்திருந்த சல்லிவனுக்கு ஆவல் தாங்கவில்லை. நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

1819-ம் ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் சிறுமுகைப் பக்கத்திலிருந்து புறப்பட்டார். பாதை என்று எதுவும் கிடையாது. மலைவாசிகள் நடந்து நடந்து உண்டான தடம்தான். செங்குத்தான சரிவுகளில் மூட்டை முடிச்சுகளோடு நாள்கணக்கில் ஏறினார்கள். கடைசியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள திம்பட்டி என்ற இடத்தை அடைந்தார்கள்.

அதே ஆண்டு சல்லிவனோடு மலைக்கு வந்த ஒருவரை நாம் மறக்கக் கூடாது. அவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி! லெஷனோ என்ற பிரெஞ்சு தாவரவியல் அறிஞர். புதுச்சேரியில் தங்கி, தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். கடலூரிலிருந்து புதுச்சேரி எவ்வளவு தூரம்? இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தானே. நமக்கு அடிக்கும் அதே வெயில்தான் அவருக்கும் அடித்தது. உடல்நிலை மிகவும் கெட்டுப்போய் மலைக்கு வந்தவர், அந்தக் குளிர்காற்றில் சில நாட்களிலேயே தேறிவிட்டார். மலையின் செடிகொடிகளையும் ஆராய்ந்தார்.

இது ஏன் பெரிய செய்தி என்றால், அந்தக் காலத்தில் இங்கு வந்த வெள்ளைக்காரர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். நோயாளிகளை உடல் தேற்றக் கப்பல் ஏற்றித் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்புவது வழக்கம். போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். வழியிலேயே இறந்தவர்களும் உண்டு. அப்படியிருக்க, கோயம்புத்தூருக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர்ந்த மலை இருக்கிறது என்றால் சும்மா விடுவார்களா? சல்லிவன் கம்பெனி அரசாங்கத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். இன்று நாம் ஓய்வெடுக்கப் போகும் ஊட்டி, முதலில் நோயாளிகள் பிழைத்துக்கொள்ள உண்டான ஊர்தான்.

கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கு என்ற இடத்தில் சல்லிவன் தமக்கு ஒரு பங்களா கட்டினார். அதற்குப் பெத்தக்கல் பங்களா என்று பெயர். சிறுமுகையிலிருந்து மலைக்குச் சாலை போடும் வேலையும் தொடங்கியது. மெக்பெர்சன் என்ற இளம் ராணுவ அதிகாரி மேற்பார்வை பார்த்தார். 1823-ல் சாலை முடிந்தது. பாறையை உடைத்து, மண்ணைச் சுமந்து அதைப் போட்டவர்களில் சிறைக்கைதிகளும் இருந்தார்கள். சாலை போட்டார் சல்லிவன் என்று நாம் எழுதுகிறோம். கல் சுமந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பிறகு இன்னும் மேலே போனார். உதகை என்பது அப்போது தோடர்களின் இடம். அவர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஒவ்வொரு மந்திலும் நான்கைந்து வீடுகள்தான். மூங்கிலை வளைத்து, புல் வேய்ந்து, பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போல இருக்கும். குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். எருமைகள்தான் அவர்களின் செல்வம், தெய்வம் எல்லாம். பரந்த புல்வெளிகளில் எருமைகளை மேய்த்து வாழ்ந்தார்கள். அவர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலைக்கு நிலம் வாங்கினார் சல்லிவன். 1822-ல் அங்கே கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். புல் வேய்ந்த வீடுகளையே பார்த்துப் பழகிய மக்கள் அதைக் கல் பங்களா என்று அழைத்தார்கள். ஊட்டியில் கட்டப்பட்ட முதல் பங்களா அதுதான். பின்னாளில் அரசு கலைக் கல்லூரி அந்த வளாகத்தில்தான் வந்தது.

அவருடைய மனைவி ஹென்ரியட்டாவும் உடன் வந்தார். நீலகிரியில் குடியிருந்த முதல் ஐரோப்பியப் பெண் அவர்தான்.

சல்லிவனுக்குத் தோட்டத்தின் மேல் அலாதிப் பிரியம். இங்கிலாந்திலிருந்து விதைகளை வரவழைத்தார். தோட்டக்காரர் ஒருவரையும் அழைத்து வந்தார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், டர்னிப், பார்லி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெர்ரியும் வைத்தார். மலையில் விவசாயம் செய்து வந்த படுகர் மக்களும் பிறகு உருளைக்கிழங்கையும் கோஸையும் பெரிய அளவில் பயிரிட்டார்கள். சிதம்பரம் மார்க்கெட்டில் இங்கிலீஷ் காய்கறி என்று தனியாகக் குவித்து வைத்திருப்பார்களே, அம்மாவோடு போகும்போது பார்த்திருப்பீர்கள். ஊட்டி உருளைக்கிழங்கு என்று கூவி விற்பார்கள். அந்தக் கதை தொடங்கியது சல்லிவனின் தோட்டத்தில்தான்.

இப்போது ஏரிக்கு வருவோம். தொட்டபெட்டா பக்கமிருந்து ஓடி வரும் ஓடைகளைத் தடுத்து, கரை போட்டு, 1823-ல் தொடங்கி 1825-க்குள் ஏரியை உருவாக்கினார். அன்று ஏரி இன்று இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. இப்போதைய பஸ் நிலையம் இருக்கும் இடமும், குதிரைப் பந்தய மைதானமாக இருந்த இடமும் ஒரு காலத்தில் தண்ணீர்! அன்று எங்கள் சுற்றுலா பஸ்ஸை நிறுத்தியதே ஏரியின் வயிற்றில்தான் போலிருக்கிறது.

1826-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஊட்டிக்கு வந்து சல்லிவனின் விருந்தினராகத் தங்கினார். அதற்குப் பிறகு ஊரின் புகழ் பரவியது. அங்கேதான் சல்லிவனுக்குச் சோதனையும் ஆரம்பித்தது.

மன்றோவுக்குப் பின் 1827-ல் லஷிங்டன் ஆளுநரானார். ஊட்டியை ராணுவத்தினருக்கான ஓய்விடமாக மாற்ற விரும்பினார். 1828-ல் ஊட்டியின் நிர்வாகத்தை ஒரு ராணுவ அதிகாரியிடம் ஒப்படைத்தார். சல்லிவனோ ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். இந்த மலை தோடர்களுக்குச் சொந்தம். அவர்களுக்கு இங்கே முழு உரிமை இருக்கிறது. அவர்கள் சம்மதித்து, விலை கொடுத்தால்தான் நிலத்தை எடுக்கலாம். இதுதான் அவர் கட்சி. எதிர்த்தரப்பினர், தோடர்களுக்கு எருமை மேய்க்கும் உரிமை மட்டுமே உண்டு, நிலம் அரசாங்கத்துடையது என்றார்கள்.

குழந்தைகளே, இங்கே நாம் ஒரு பக்கமாகப் பேசக் கூடாது. சல்லிவன் தாமும் ஏராளமாக நிலம் வாங்கியவர்தான். தோடர்களின் உரிமை நிலைத்தால் அவர் வாங்கிய நிலமும் நிலைக்கும் என்று எதிரிகள் குத்திக் காட்டினார்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்பது நியாயமான விலையா என்றும் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனாலும் ஆளுநரையே எதிர்த்து, எழுதப் படிக்கத் தெரியாத மலைமக்களுக்காக வாதாடிய அதிகாரிகள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? என் கணக்கில் மிகக் குறைவு.

வாதத்தில் சல்லிவன் தோற்றார். 1830-ல் நீலகிரியின் மேற்குப் பகுதியைக் கோவையிலிருந்து பிரித்து மலபார் மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். தாம் உண்டாக்கிய ஊரே தம் கையில் இல்லாமல் போனது. அதே ஆண்டு சல்லிவனும் கோவைக் கலெக்டர் பதவியை விட்டுப் போனார்.

சில ஆண்டுகள் கழித்துச் சென்னை வருவாய் வாரியத்திலும், பிறகு ஆளுநரின் ஆலோசனை சபையிலும் உறுப்பினரானார். பெரிய பதவிதான். ஆனால் 1838-ல் ஊட்டியிலேயே மனைவி ஹென்ரியட்டா காலமானார். அதே சமயத்தில் மூத்த மகள் ஹாரியட்டும் இறந்தாள். எத்தனையோ நோயாளிகளைப் பிழைக்க வைத்த அந்தக் குளிர்காற்றால் அவர்கள் இருவரையும் காப்பாற்ற முடியவில்லை. புனித ஸ்டீபன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருவரையும் அடக்கம் செய்தார்கள்.

1841-ல் சல்லிவன் வேலையிலிருந்து விலகி, பிள்ளைகளோடு இங்கிலாந்து திரும்பினார். அங்கே போயும் சும்மா இருக்கவில்லை. இந்திய அரசர்களின் நாடுகளைக் கம்பெனி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்வது அநியாயம் என்று எழுதினார். ஆட்சிப் பொறுப்புகளில் இந்தியர்களை அமர்த்த வேண்டும் என்றும் வற்புறுத்தினார். கம்பெனியின் சம்பளத்தில் வாழ்ந்தவர் கம்பெனியையே கேள்வி கேட்டார்! ஆனால் அவர் பேச்சை யார் கேட்டார்கள்? 1843-ல் கம்பெனி இயக்குநர்கள், தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமைதான், நிலம் சொந்தமில்லை என்றே முடிவு செய்தார்கள். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி பிறகு யூகலிப்டஸ் தோப்பாகவும் தேயிலைத் தோட்டமாகவும் மாறியது.

1855-ம் ஆண்டு ஜனவரி 16-ம் தேதி சல்லிவன் இறந்தார். லண்டனுக்கு அருகில் ஸ்லவ் என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். காலப்போக்கில் அந்தக் கல்லறை எங்கே இருக்கிறது என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, நீலகிரியின் வரலாற்றைச் சேகரிப்பவர்கள்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இடிந்து கிடந்த அவருடைய கன்னேரிமுக்கு பங்களாவையும் 2002-ல் பழுதுபார்த்து நினைவகம் ஆக்கினார்கள். 2022-ல் உதகையின் 200-வது ஆண்டைக் கொண்டாடியபோது, ஊருக்குள் அவருக்கு மார்பளவுச் சிலையும் வைத்தார்கள்.

இப்போது ஊட்டியில் கூட்டம் தாங்கவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையே கொண்டுவந்தார்கள். ஏரியில் படகு விட்டு, பொட்டானிக்கல் கார்டனில் போட்டோ எடுத்துக்கொண்டு, வர்க்கி வாங்கிக்கொண்டு பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் இந்தக் கோடைக்கு ஊட்டி போவதாக இருந்தால், அப்பா அம்மாவிடம் கேட்டு ஸ்டீபன் ஆலயத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பின்புறம் மேட்டுச் சரிவில் பழைய கல்லறைகள் இருக்கும். ஹென்ரியட்டாவும் அவர் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஊரை உண்டாக்கிய சல்லிவன் மட்டும் கடல் தாண்டி, எங்கோ ஸ்லவ் என்ற ஊரில் இருக்கிறார்.