அண்டிரிக் அடிகளாரும் அவர் ஆக்கிய கதைநூலும்

குலசேகரன்பட்டினத்தினின்று கடலோரமாய்த் தெற்கே சிறிது தொலைவு சென்றால் மணப்பாட்டை அடையலாம். வடக்கே திருச்செந்தூரைக் கடந்து செல்வோர்க்குத் தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயல் எதிர்ப்படும். இம்முத்துக்குளித்துறையிலேதான், தமிழ் எழுத்தில் முதன்முதல் நூல் அச்சிட்ட பெரியார் தம் வாழ்நாளில் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்தனர்.

ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பது அவரது இயற்பெயர். நம்மவர் அண்டிரிக் அடிகளார் என்றழைத்தனர். 1520இல் போர்த்துக்கல் நாட்டு வில்லா விசோசா என்னும் ஊரிற் பிறந்து, இயேசு சபையிற் சேர்ந்து, 1546இல் கோவை நகருக்கு வந்தனர். நாம் கூறுவது கொங்குநாட்டுக் கோவையன்று, மேல்கடற் கோவாவேயாம். மறு ஆண்டு சவேரியாரின் ஏவலால் இக்கரைக்கு அனுப்பப்பட்டனர்.

அதற்கு முன்னரே, 1542 முதல், சவேரியார் மணியடித்துச் சிறாரைத் தெருத்தோறுங் கூட்டி மந்திரங்களை மனப்பாடஞ் செய்வித்திருந்தார். அச்சிறார் வீடு சென்று பெற்றோர்க்கும் ஓதினர். ஆயினும் ஓதியதன் பொருள் அவர்க்கு விளங்கியதோ என்பது வேறு கேள்வி. விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேணும் என்னுஞ் சொல் நெடுநாள் நின்றதைச் சவேரியாரே 1544இல் கண்டு திருத்த நேர்ந்தது. பொருளறியா மனப்பாடத்தின் இயல்பு அத்தகையதே. பரீட்சைக் காலத்தில் நம் விடுதி அறைகளின் ஒலியைக் கேட்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அண்டிரிக் அடிகளார் துபாசியை நம்பியிராது தாமே தமிழ் பயின்றார். பின்வருவோர்க்கென இலக்கணமும் வகுத்தார். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் அவர் முயற்சியால் அச்சேறியது. அடுத்த ஆண்டில் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வெளிவந்தது. இவை இரண்டும் வினாவிடையும் செபமுமாம். அவற்றை மனப்பாடஞ் செய்யலாம், செய்தே ஆகவும் வேண்டும்.

1586இல் வெளிவந்த அடியார் வரலாறோ வேறு வகையினது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலிற் புனிதர்களின் கதைகள் நிறைந்துள்ளன. நடையும் பண்டிதர் நடையன்று. கரையோரத்துப் பேச்சும் போர்த்துக்கீசியச் சொற்களும் விரவி வருவது. இலக்கணம் வல்லார் அதனைக் கண்டு முகஞ்சுளிக்கக் கூடும். நாமோ அதனையே அந்நூலின் சிறப்பெனக் கொள்வோம். ஒருவன் படிக்க, வலை முடைவோர் சூழவிருந்து கேட்டு, மேலே என்ன நிகழ்ந்தது என வினவுதற்குரிய நூல் அது. தேர்வு, தண்டனை என்னும் அச்சமின்றிக் கதைச்சுவையே படிப்போரை ஈர்க்கும் என்று அவர் நம்பினார் போலும். கதைநூல்களை அலமாரியிற் பூட்டி, பாழாகுமென்றஞ்சிச் சிறார்க்குக் கொடாத பள்ளியொன்றை இக்கரையிலேயே நாம் கண்டதுண்டு. அடிகளார் தம் நூலைப் பூட்டி வைக்கவா அத்துணை உழைத்தார்!

1600இல் அடிகளார் புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தனர். உடல் தூத்துக்குடியில் அடக்கஞ் செய்யப்பெற்றது. அவருக்குப்பின் தமிழச்சு நெடுங்காலம் தளர்ந்து கிடந்தது. சிறாரும் பழையபடி ஏட்டையும் மனப்பாடத்தையுமே நம்பினர். அடியார் வரலாற்றின் பிரதியொன்று வத்திக்கான் நூல்நிலையத்தில் உறங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தனிநாயக அடிகளார் ஐரோப்பிய நூல்நிலையங்களில் ஆராய்ந்து இப்பழைய அச்சு நூல்களைத் தமிழுலகுக்கு அறிவித்தார். பின்னர் 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் அடியார் வரலாற்றைத் தூத்துக்குடியிலேயே மீண்டும் பதிப்பித்தார். முந்நூற்றெண்பது ஆண்டு கழித்து அக்கதைகள் தம் கரைக்குத் திரும்பின.