தமிழில் யோடலிங்: யார் இந்த ஜே.பி.சந்திரபாபு?

1967-ல் பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பம் லண்டனைக் கலக்கியது. அதற்குப் பத்து வருஷம் முன்பே மேற்கத்திய இசையால் தமிழ் சினிமாவைக் கலக்கியவர் ஜே.பி.சந்திரபாபு.

1927-ல் தூத்துக்குடியில் பிறந்தவர். முத்துக்குளித்துறையின் பனிமய மாதா நினைவாகப் பனிமயதாஸ் என்று பெயர். அப்பா சுதந்திரப் போராட்ட வீரர். குடும்பம் இலங்கைக்குப் போனதால் கொழும்பில் வளர்ந்தார்.

சென்னை வந்து, 1947-ல் 'தன அமராவதி'யில் அறிமுகமானார். அடிக்குரலில் இருந்து சட்டென உச்சக்குரலுக்குத் தாவும் யோடலிங், மேற்கத்திய நடனம், மெட்ராஸ் பேச்சு... இதுதான் அவர் ஸ்டைல். 'சபாஷ் மீனா'வில் (1958) சிவாஜிக்கு இணையாகப் பேசப்பட்டார்.

எம்ஜிஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. கடனில் ஆசையாகக் கட்டிய வீடும் போச்சு. 1974-ல், 46 வயதில் இறந்தார்.

அடுத்த முறை ரீல்ஸில் அவர் பாட்டு வந்தால் தள்ளிவிடாதீங்க. நடுவில் குரல் துள்ளுதா? அதுதான் யோடலிங்!