காத்திருந்த கணக்கு

சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண்குறுமீனாக நிலைத்திருக்க அதன் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று பயணத்திலேயே கணக்கிட்டார். அது சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935இல் லண்டன் அவையில் எடிங்டன் இதை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் பூசலில் இறங்கவில்லை. வேறு ஆய்வுகளில் ஆழ்ந்தார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது. 1995இல் மறைந்தார்.

1999இல் நாசா ஏவிய ‘சந்திரா’ எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்கியது. காசியோப்பியா ஏ என்னும் வெடித்த விண்மீனின் எச்சத்தை அது படமெடுத்தபோது, நடுவே ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது. வரம்பு மீறிய உள்ளகம் இடிந்து விழுந்து உருவான நியூட்ரான் விண்மீன் அது என்பது அறிஞர் கருத்து.

அடிப்படை ஆய்வுக்கு ஒதுக்கும் நிதியால் உடனடியாக என்ன பயன் என்று அயனம்பாக்கத்தில் என்னிடம் கேட்போர் உண்டு. பொருளியல் கற்பித்த நான் இந்த வாழ்க்கையையே விடையாகச் சொல்கிறேன்.