மார்கரெட் மீ

மார்கரெட் உர்சுலா மீ (மே 22, 1909 – நவம்பர் 30, 1988) இங்கிலாந்தில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்த தாவர ஓவியர் ஆவார். 1956 முதல் 1988 வரை அமேசான் காடுகளுக்கு 15 பயணங்களை மேற்கொண்டு, அங்குள்ள செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே கண்டு வரைந்தார். அமேசான் காடழிப்புக்கு எதிராகத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசியவர்களுள் இவரும் ஒருவர். புவி வெப்பமடைதலால் அமேசான் படுகை மாறிவரும் நிலையில், இவரது ஓவியங்களும் நாட்குறிப்புகளும் அக்காடு முன்பு இருந்த நிலைக்குச் சான்றுகளாக அமைகின்றன.

இளமை

பக்கிங்காம்சயரைச் சேர்ந்த செஷம் நகரில் பிறந்தார். 1933இல் பெர்லினில் இருந்தபோது செருமானிய நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானதையும், அதன்பின் யூதர்களின் கடைகள் புறக்கணிக்கப்பட்டதையும் நேரில் கண்டார். இந்நிகழ்வுகள் இவரது இடதுசாரிச் சிந்தனையை உறுதியாக்கின. நாடு திரும்பியபின் தொழிற்சங்கப் பணிகளில் ஈடுபட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டி ஹாவிலண்ட் வானூர்தித் தொழிற்சாலையில் வரைவாளராகப் பணியாற்றினார். இவரது பிற்கால ஓவியங்களில் காணப்படும் அளவுத் துல்லியத்திற்கு இப்பணியும் ஒரு காரணமாக இருக்கலாம். போருக்குப் பின்னர் ஓவியக் கல்வியைத் தொடர்ந்தார். கேம்பர்வெல் கலைப்பள்ளியில் விக்டர் பாஸ்மோர் இவரது ஆசிரியர்களுள் ஒருவர்.

பிரேசில் வாழ்க்கை

நோயுற்றிருந்த தன் சகோதரியைக் கவனித்துக்கொள்வதற்காக 1952இல் சாவோ பாவுலோ நகருக்குச் சென்றார். கணவர் கிரெவில் மீயும் அங்கு வந்து சேர்ந்தார். சில காலம் மட்டும் தங்கும் எண்ணத்துடன் சென்றவர், வாழ்நாளின் எஞ்சிய பகுதியைப் பிரேசிலிலேயே கழித்தார். அங்குள்ள ஆங்கிலப் பள்ளியில் ஓவியம் கற்பித்துக்கொண்டே, நகரைச் சுற்றியுள்ள அட்லாண்டிக் கடற்கரைக் காடுகளின் தாவரங்களை வரையத் தொடங்கினார். 1958 முதல் சாவோ பாவுலோ தாவரவியல் நிறுவனத்தின் ஓவியராகப் பணியாற்றினார். அன்னாசிக் குடும்பத் தாவரங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் லைமன் சுமித்துக்காகப் பல படங்களை வரைந்தார். பிரேசிலின் புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் ரொபெர்ட்டோ புர்லே மார்க்சு இவரது நெருங்கிய நண்பர்.

அமேசான் பயணங்கள்

முதல் பயணம் 1956இல், பாரா மாநிலத்தின் குருப்பி ஆற்றுப் பகுதிக்கு நடந்தது. அப்போது இவருக்கு ஏறத்தாழ 47 வயது. பின்னர் மேற்கொண்ட பயணங்களுள் பல ரியோ நீக்ரோ என்னும் கருநீர் ஆற்றையும் அதன் கிளைகளையும் சார்ந்தவை. சிறு படகில், உள்ளூர்ப் படகோட்டி ஒருவரின் துணையுடன் மட்டுமே பல நாட்கள் பயணம் செய்வார். மலேரியாவும் கல்லீரல் அழற்சியும் இவரைத் தாக்கின. குடிபோதையில் நெருங்கிய தங்கம் தேடுவோரைக் கைத்துப்பாக்கியைக் காட்டி விரட்டியதும் உண்டு. 1967இல் பிரேசிலின் மிக உயர்ந்த மலையான நெப்லினாவின் தென்பகுதி வழியாக ஏற முயன்றார். மழை காரணமாகச் சிகரத்தை அடைய இயலவில்லை.

தாவர ஓவியர்களுள் பலர் உலர்தாவரகங்களில் பாடம் செய்து வைக்கப்பட்ட செடிகளைப் பார்த்து வரைவர். உலர்ந்த செடியில் வடிவம் ஓரளவு எஞ்சும், ஆனால் நிறம் எஞ்சாது. மீயோ உயிருள்ள செடியைக் காட்டிலேயே வரைந்து, நிறங்களை அங்கேயே குறித்துக்கொண்டார். வீடு திரும்பியபின் குவாஷ் எனப்படும் ஒளிபுகா நீர்வண்ணத்தில் ஓவியத்தை முடிப்பார். தொடக்கத்தில் மரபுப்படி வெள்ளைப் பின்னணியில் செடியை மட்டும் தீட்டினார். பிற்கால ஓவியங்களில் செடியின் பின்னே அது வாழும் காடும் இடம்பெற்றது. செடியைக் காட்டிலிருந்து பிரித்துக் காட்ட இயலாது என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டதையே இம்மாற்றம் காட்டுகிறது.

காடழிப்பு எதிர்ப்பு

1970இல் அமேசானின் குறுக்கே பெருஞ்சாலை அமைக்கும் பணியைப் பிரேசிலின் இராணுவ அரசு தொடங்கியது. குடியேற்றத்திற்கும் கால்நடைப் பண்ணைகளுக்கும் காடுகள் எரிக்கப்பட்டன. முன்பு தான் செடிகளை வரைந்த ஆற்றங்கரைகளுக்குத் திரும்பிச் சென்ற மீ, மரங்கள் கரிக்காக வெட்டப்பட்டிருப்பதைக் கண்டார். அரசை விமர்சிப்பது எளிதல்லாத அக்காலத்தில், அயல்நாட்டில் பிறந்த ஒரு பெண் பிரேசில் நாட்டு இதழ்களிலும் வெளிநாடுகளிலும் இதனைக் கண்டித்துப் பேசியது குறிப்பிடத்தக்கது. அவர் பேசியது பெரும்பாலும் காட்டையும் செடிகளையும் பற்றியே. காலநிலை மாற்றம் பொதுமக்களின் பேச்சுக்கு வந்ததும், அதற்கெனப் பன்னாட்டு அரசுகளின் குழு அமைக்கப்பட்டதும் அவர் மறைந்த 1988ஆம் ஆண்டில்தான்.

நிலவு மலர்

மீயின் பெயருடன் அதிகம் இணைத்துப் பேசப்படுவது செலெனிசீரியசு விட்டியை என்னும் கள்ளி ஆகும். நம் வீடுகளில் நிஷாகந்தி அல்லது பிரம்ம கமலம் என்ற பெயரில் வளர்க்கப்படும் செடியும் கள்ளிக் குடும்பமே. அதைப் போலவே இதுவும் ஓர் இரவு மட்டும் மலர்ந்து விடிவதற்குள் வாடிவிடும். ரியோ நீக்ரோவின் வெள்ளக்காடுகளில், ஆண்டில் பல மாதங்கள் நீரில் நிற்கும் மரங்களின் தண்டில் இலைபோல் ஒட்டி வளர்கிறது. இதன் விதைகள் நீரில் மிதந்து பரவுகின்றன. நீண்ட குழல் வடிவப் பூவில் தேனுண்ண, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளால் மட்டுமே முடியும்.

இப்பூவை மலர்ந்த நிலையில் காண மீ இருபது ஆண்டுகளுக்கு மேல் முயன்றார். 1988 மே மாதத்தில், தன் 79ஆம் பிறந்தநாளை ஒட்டி மேற்கொண்ட பயணத்தில் அது கைகூடியது. மனாவுசுக்கு மேற்கே, வெள்ளத்தில் நின்ற மரம் ஒன்றின் அருகே படகைக் கட்டி, படகின் கூரையில் அமர்ந்து இரவெல்லாம் வரைந்தார். அன்று அந்துப்பூச்சி எதுவும் வரவில்லை. தம் குழுவினரின் விளக்கொளியும் நடமாட்டமுமே அதற்குக் காரணம் என அவர் எண்ணினார்.

இக்கள்ளியின் வாழ்க்கை ஆற்றின் ஆண்டு ஏற்ற இறக்கத்தைச் சார்ந்தது. மனாவுசு துறைமுகத்தில் 1902 முதல் ரியோ நீக்ரோவின் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. அங்கு 2021 சூனில் 30.02 மீட்டர் என்ற மிக உயர்ந்த அளவு பதிவானது. 2023 அக்டோபரில் நீர்மட்டம் 12.70 மீட்டராகவும், 2024 அக்டோபரில் அதனினும் குறைந்து 12.11 மீட்டராகவும் தாழ்ந்தது. கடும் வறட்சியில் கருநீர் வெள்ளக்காடுகளின் தரைச் சருகும் வேர்ப்பின்னலும் காய்ந்து தீப்பற்றுகின்றன. எரிந்தபின் இவை மீள்வது மிகவும் மெதுவாகவே நிகழ்கிறது.

மறைவும் நினைவும்

1988 நவம்பரில் கியூ தாவரவியல் பூங்காவில் இவரது ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. நாட்குறிப்புகளைக் கொண்ட நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. இதற்காக இங்கிலாந்து சென்றிருந்தபோது, நவம்பர் 30 அன்று லெஸ்டர்சயரில் நிகழ்ந்த மகிழுந்து விபத்தில் காலமானார். எக்மியா மீயானா, நியோரெகேலியா மார்கரெட்டே, சோப்ராலியா மார்கரிட்டே முதலிய தாவரங்கள் இவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. 1989இல் பிரேசிலில் இவர் பெயரில் தாவரவியல் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1994ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ திருவிழாவில் பெய்ஜா-ஃப்ளோர் என்னும் சம்பா குழு இவரது வாழ்க்கையையே தன் ஊர்வலத்தின் கருப்பொருளாகக் கொண்டது. தாவர ஓவியர் ஒருவருக்கு இத்தகைய சிறப்பு கிடைப்பது அரிது. 2012இல் இவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று பிரேசிலில் வெளியானது.