நினைவிழந்த தந்தையும் மறவாத பிள்ளைகளும்



லிசியே நகர்ப் புனித குழந்தை தெரேசாவை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால், அவருடைய தந்தை லூயி மார்ட்டின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் மனநல இல்லம் ஒன்றில் இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1823இல் பிரான்சின் போர்டோ நகரில் பிறந்த லூயி, அலன்சோன் நகரில் கடிகாரத் தொழில் செய்தார். 1858இல் செலியை மணந்தார். 9 பிள்ளைகளில் 4 பேர் சிறுவயதிலேயே இறந்தனர். 1877இல் மனைவியும் புற்றுநோயால் இறக்க, ஐந்து மகள்களோடு லிசியேவில் குடியேறினார்.

1887இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. மூளையின் இரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட, நினைவு தடுமாறத் தொடங்கியது. 1888 ஜூன் மாதம் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டார். சில நாள் தேடி, லெ ஆவர் துறைமுக நகரில் கண்டுபிடித்தனர். அடுத்த ஆண்டு, போர் நடப்பதாக எண்ணி, மகள்களைக் காக்கத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். இனி வீட்டில் வைத்துப் பார்ப்பது ஆபத்து என்ற நிலையில், 1889 பிப்ரவரி 12 அன்று, கான் நகரில் அருள்சகோதரிகள் நடத்திவந்த நல்ல மீட்பர் இல்லத்தில் சேர்த்தனர்.

ஊர் சும்மா இருக்கவில்லை. செல்ல மகள் தெரேசா கார்மேல் மடத்திற்குப் போனதே காரணம் என்று பழி சொன்னது. மகள்கள் லெயோனியும் செலினும் அந்த இல்லத்தின் அருகிலேயே ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினர். பிறகும் லிசியேவிலிருந்து போய்ப் பார்த்துவந்தனர். லூயியோ மனம் தெளிந்த வேளைகளில் செபித்தார். தமக்குக் கிடைத்ததை மற்ற நோயாளிகளோடு பகிர்ந்துகொண்டார். 1890 செப்டம்பர் 24 அன்று தெரேசா துறவு முக்காடு பெற்றபோது, தந்தை அருகில் இல்லையே என்று கண்ணீர் விட்டார்.

1892 மே மாதம், கால்கள் செயலிழந்த நிலையில் லூயி வீடு திரும்பினார். செலின் தமது துறவற ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு அவரைக் கவனித்துக்கொண்டார். 1894 ஜூலை 29 அன்று லூயி இறைவனடி சேர்ந்தார். 2015இல் திருஅவை அவரையும் செலியையும் புனிதர்களாக உயர்த்தியது.

நம் பங்குகளிலும் மறதிநோயால் வாடும் பெற்றோர் இருக்கிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாமல் இல்லத்தில் சேர்த்த பிள்ளைகளை நாம் எளிதாகக் குறைசொல்கிறோம். தெரேசாவின் குடும்பமே அந்த வேதனையை அனுபவித்தது என்பதை நினைத்துப் பார்ப்போம். சேர்த்தவர்கள் குற்ற உணர்வில் புழுங்க வேண்டாம். போய்ப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். அப்பாவுக்கு நம் பெயர் மறந்திருக்கலாம். நாம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருப்போம்.