பறவை மனிதர் விற்ற கிளைடர்



விமானம் என்றதும் எல்லாரும் ரைட் சகோதரர்களைத்தான் சொல்வோம். நான் இந்தத் தடவை அவர்களுக்கு முன்னாலேயே பறந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஓட்டோ லிலியந்தால். ஜெர்மனிக்காரர். எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கிற கிளைடரைச் செய்து, தானே பறந்து பார்த்து, அப்புறம் மற்றவர்களுக்கு விலைக்கும் கொடுத்தவர்.

1848 மே 23-ல் ஆங்க்ளாம் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஓட்டோவும் தம்பி குஸ்தாவும் புல்வெளியில் நாரைகள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். நம்ம சத்திமுத்தப் புலவர் பாட்டில் வருகிற அதே செங்கால் நாரைதான்! பள்ளியில் படிக்கும்போதே இரண்டு பேரும் கையில் கட்டிக்கொள்ள இறக்கை செய்தார்கள். கூடப் படிக்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள் என்று ராத்திரியில் போய்க் குதித்துப் பார்த்தார்கள். பறக்கவில்லை.

பெர்லினில் எஞ்சினியரிங் படித்தார். பாய்லரும் நீராவி எஞ்சினும் செய்கிற தொழிற்சாலை வைத்தார். லாபத்தில் கால் பங்கைத் தொழிலாளிகளுக்கே கொடுத்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1889-ல் பறவைகள் பறப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

அவர் எடுத்த எடுப்பில் மலை ஏறிக் குதிக்கவில்லை. முதலில் வீட்டுத் தோட்டத்தில் 1 மீட்டர் உயரப் பலகை, அப்புறம் 2 மீட்டர். 1891-ல் டெர்விட்ஸ் என்ற இடத்தில் சுமார் 25 மீட்டர் தூரம் பறந்தார். 1893-ல் ரினோ குன்றுகளில் 250 மீட்டர் வரை போனார். 1894-ல் பெர்லின் பக்கத்தில் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிச் சொந்தமாக ஒரு குன்றே எழுப்பிவிட்டார். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதற்கு எதிராக ஓடிக் கிளம்பலாமே!

அவரிடம் பலவித கிளைடர் இருந்தது. பலத்த காற்றுக்கு இறக்கை சின்னதாக ஒன்று, இரண்டு அடுக்கு இறக்கையோடு ஒன்று, எஞ்சின் வைத்து இறக்கை அடிக்கிற மாதிரி ஒன்று. ஆனால் விற்பதற்கென்று இதில் எதையும் எடுக்கவில்லை. நடுத்தரமான, எளிமையான ஒரு மாடலைத்தான் எடுத்தார். வில்லோ மரக் கொம்பில் பருத்தித் துணி போர்த்தியது, எடை சுமார் 20 கிலோ, இறக்கையை மடக்கி எடுத்துப் போகலாம். விலை 500 மார்க். புதுசாகப் பழகுகிறவருக்கு இதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். தூக்கிக்கொண்டு மேடு ஏற முடிந்தால்தானே ஒரே நாளில் பல தடவை பழக முடியும்?

ஒன்பது பேராவது வாங்கியதாகத் தெரிகிறது. ரஷ்ய விஞ்ஞானி ஷுகோவ்ஸ்கி ஒருவர். டப்ளின் பேராசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்டு இன்னொருவர். பாவம், கல்லூரி மைதானத்தில் எவ்வளவோ முயன்றும் அவருக்குப் பறக்க வரவில்லை! காசு கொடுத்தால் இறக்கை கிடைக்கும், பழக்கம் கிடைக்காதே. பிரிட்டனைச் சேர்ந்த பெர்சி பில்சர் தானே ஒரு கிளைடர் செய்து வைத்திருந்தார். வால் இல்லாமல் பறக்காதே என்று லிலியந்தால் சொல்லியும் அவர் கேட்கவில்லை. முயன்று பார்த்த பிறகுதான் வால் வைத்தார். 1896-ல் லிலியந்தாலிடமே ஒன்று வாங்கவும் செய்தார். 1899-ல் சொந்த கிளைடரின் வால் பகுதி முறிந்து விழுந்து இறந்துபோனார்.

லிலியந்தாலின் கிளைடரிலும் ஒரு பெரிய குறை இருந்தது. கைகளை ஊன்றித் தொங்கியபடி உடம்பையும் காலையும் அசைத்துத்தான் திருப்ப வேண்டும். திடீர்க் காற்றுக்கு அது போதாது. 1896 ஆகஸ்ட் 9-ல் ஸ்டோல்ன் ஊர்க் குன்றில், விற்ற அதே மாடலில் பறந்தபோது கிளைடர் காற்றில் நின்றுபோய், சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் பெர்லினில் உயிர் போனது. வயது 48. ஏறக்குறைய 2000 தடவை பறந்தவர்! ஆனால் ஒவ்வொன்றும் சில நொடிதான். எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம்தான் இருக்கும் என்று பின்னாளில் வில்பர் ரைட் கணக்குப் போட்டார். அந்த மரணச் செய்திதான் ரைட் சகோதரர்களை இந்தப் பக்கம் திருப்பியது. உடம்பை அசைத்தால் போதாது, இறக்கையையே முறுக்கித் திருப்ப வேண்டும் என்று அவர்கள் வேறு வழி தேடினார்கள்.

2016-ல் ஜெர்மன் விண்வெளி மையம் அதே மாதிரி கிளைடர் ஒன்றைச் செய்து காற்றுக் குழாயில் வைத்துச் சோதித்தது. அடிப்படை அமைப்பு நிலையாகப் பறக்கக்கூடியதுதான் என்று தெரிந்தது. அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹேர்ஸ்ட் 1896-ல் வாங்கிய கிளைடர், வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.