குழல் வளர்த்த பொற்கொல்லர்

கருவியைப் படைத்தல் அரிது. படைத்த கருவியைப் பழுதுறாமற் பேணுதல் அதனினும் அரிது. இவ்விரண்டிலும் வல்லவராய் விளங்கியவர் தியோபால்டு போம் என்னும் செருமானியப் பெரியார்.

இவர் 1794-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள், பவேரியா நாட்டின் தலைநகராகிய மியூனிக்கில் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர். இளமையிலேயே அத்தொழிலில் தேர்ந்த போம், இசையிலும் பெருவேட்கை கொண்டார். பதினாறாம் வயதில், நான்கு விசைகள் பொருந்திய மரக்குழல் ஒன்றை நண்பரிடம் இரவல் பெற்று, அதனைப் பார்த்துத் தாமே ஒரு குழல் செய்தார். விசை என்பது, விரல் எட்டாத துளையை மூடவும் திறக்கவும் உதவும் சிறிய உலோக மூடியாகும். அவர் ஊதக் கேட்டு மகிழ்ந்த அரண்மனைக் குழலிசைஞர் காப்பெல்லர், ஊதியம் பெறாமலே அவருக்குக் கலை பயிற்றினார். 1818-இல் போமும் அரசவை இசைக்குழுவில் இடம்பெற்றார்.

அக்காலக் குழல்களில் துளைகள் விரலுக்கு எட்டும் இடங்களில் இடப்பட்டிருந்தன. ஒலிநூல் வேண்டும் இடங்களில் இடப்படவில்லை. ஆதலால் ஒரு சுரம் ஓங்கியும், மற்றொன்று மங்கியும் ஒலித்தன. 1831-இல் இலண்டன் சென்ற போம், பெருந்துளைக் குழலில் நிக்கல்சன் என்பார் எழுப்பிய பேரொலியைக் கேட்டு வியந்தார். தம் குழலின் குறை அவருக்குப் புலனாயிற்று. மறு ஆண்டே, உரிய இடங்களில் பெரிய துளைகளை இட்டு, அவற்றை மூட வளையவிசைகளை அமைத்துப் புதுக்குழல் ஒன்றை உருவாக்கினார். பழகிய விரல்முறையைக் கைவிட மனமின்றிப் பலர் அதனை ஏற்க மறுத்தனர். போம் தளரவில்லை.

தம் படைப்பிலும் குறை காணும் நெஞ்சுரம் அவருக்கு இருந்தது. ஐம்பது வயது கடந்த பின்னர், ஷாஃப்ஹாய்ட்ல் என்னும் அறிஞரிடம் மாணவராய் அமர்ந்து ஒலிநூல் பயின்றார். அதன் பயனாக 1847-இல், உடற்பகுதி முழுதும் ஒரே அகலமுள்ள உருளைக் குழலைப் படைத்தார். உலோகத்தாலும் மரத்தாலும் அவர் குழல்கள் செய்தார். இன்று உலகெங்கும் வழங்கும் மேனாட்டுக் குழலுக்கு அவர் வகுத்த அமைப்பே அடிப்படையாகும்.

விசைகள் பெருகியபோது அவற்றைப் பேணும் கடமையும் பெருகிற்று. ஒரு மூடியின் அடிமெத்தை மயிரிழை அளவு விலகினும் காற்றுக் கசியும், இசை கெடும். எனவே 1871-இல், தம் எழுபத்தேழாம் வயதில், குழலைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் பேணும் முறைகளையும் விளக்கினார். ஊதியபின் உள்ளீரத்தைத் துணியால் துடைத்தல், அச்சுகளைத் தூய்மை செய்து எண்ணெய் இடுதல், தேய்ந்த மெத்தையை மாற்றுதல் முதலியவற்றை எளிதிற் கற்பித்தார். மூடிக்கும் துளைக்கும் இடையே மெல்லிய தாள் துண்டை வைத்து இழுத்தால், பிடிப்பின்றி வரும் பக்கமே கசியும் பக்கம் என்று அறியலாம். பழைய குழல்களைச் செப்பனிடுவோர் இம்முறையை இன்றும் கையாளுகின்றனர்.

போம் 1881-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் மியூனிக்கிலேயே மறைந்தார். புகழ் வந்தபோதும் கற்பதை நிறுத்தாமையும், சிறு மெத்தையையும் சிறிதென்று எண்ணாமையும் அவரை உயர்த்திய பண்புகளாம்.